பத்து நாள் குஞ்சுக்கு மணல் வைக்கலாமா?

கேள்வி: நாட்டுக்கோழி அடைவைத்து 11 குஞ்சு பொரித்தது, இன்றோடு 10 நாள். கடையில் வாங்கிய குஞ்சுத் தீவனம்தான் போடுகிறேன். நேற்று மாமியார் கம்பும் அரிசிக் குருணையும் போட்டுவிட்டார், கோழி விழுங்கும் பொடிக்கல் இல்லாமல் செரிக்குமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஒருநாள் தின்றதற்குப் பயப்படாதீங்க. குஞ்சுத் தீவனம் மட்டும் என்றால் கல்லே தேவையில்லை, அது தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். தானியம், கீரை, கரையான் என்று கொடுக்க ஆரம்பித்தால்தான் பல் இல்லாத கோழிக்கு வயிற்றுக்குள் அரைக்கக் கல் வேண்டும், குஞ்சுக்கு அந்த வேலையை மணலே செய்யும். கரடான ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீவனத்தோடு கலக்காதீர்கள், பசியில் மணலையே தின்னும்.

இன்னொரு பதில்: மணல் சரி, ஆனால் கிளிஞ்சல் தூள் மட்டும் வேண்டாம். முட்டைக்கோழித் தீவனமும் அப்படித்தான், அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், குஞ்சுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். தீவனம் தீர்ந்த அவசரத்தில் நானும் ஒருமுறை அதைத்தான் போட்டேன், அப்புறம் ஒரு பெரியவர் திட்டித் திருத்தினார்.

கேட்டவர்: தாயோடு வெளியே விட்டால்?

பதில்: அப்போ மணல் கிண்ணமே வேண்டாம், தாயே மண்ணைக் கிளறிப் பொடிக்கல்லைக் காட்டிவிடும். பருந்து தூக்கிப் போகாமல் பாருங்க.