எண்ட்: முனையா, முடிவா?

குழு: பாளையங்கோட்டை வீடு

தம்பி · இரவு 7:42
மதினி, தெருச் சங்கத்து நோட்டீஸ இங்கிலீஷ்லயும் ஒட்டணும்ங்காவ. "மாசக் கடைசில தொட்டி கழுவுதோம், அதுக்குள்ள பாக்கியக் கட்டிருங்க", இதுதான் சேதி. நான் எழுதினது: "வி வில் கிளீன் தி டேங்க் இன் தி எண்ட் ஆஃப் தி மந்த். பே இன் தி எண்ட்." சரியா இருக்கா?

மதினி · 7:45
ரெண்டு வரியிலயும் "இன்" தப்பு தம்பி. "இன் தி எண்ட்"னா "எங்கெல்லாமோ சுத்தி கடைசில இப்படி ஆச்சு"ன்னு அர்த்தம். ரயில்ல டிக்கெட் இல்ல, காரும் அமையல, கடைசில பஸ்லயே போனாவ: "இன் தி எண்ட், தே டுக் தி பஸ்." இதுக்குப் பின்னால "ஆஃப்" ஒட்டாது.

மதினி · 7:46
நாளையோ இடத்தையோ சொல்லணும்னா "அட் தி எண்ட் ஆஃப்". மாசத்துக்கும் அதான், தெருவுக்கும் அதான்.

சித்தப்பா · 7:50
பணம் கட்டச் சொல்லுத வரிலதான் கவனம் வேணும். அங்க "அட்" போட்டா, 30-ம் தேதி வந்து கட்டுங்கன்னு ஆயிரும். "பை தி எண்ட் ஆஃப் தி மந்த்"னு போடு. 5-ம் தேதி கட்டினாலும் சரி, மாசம் தாண்டப்படாது, அவ்வளவுதான். நம்ம பேச்சுல "கடைசில"ன்னா "அட்", "கடைசிக்குள்ள"ன்னா "பை", "கடைசி வரைக்கும்"னா "அண்டில்". மாசக் கடைசில ஒருநாள் தண்ணி நிப்பாட்டுததுக்கு "நோ வாட்டர் அண்டில் தி எண்ட் ஆஃப் தி மந்த்"னு எழுதிப்புட்டா, இன்னையில இருந்தே மாசம் முழுக்கத் தண்ணி கிடையாதுன்னு படிப்பாங்க.

நான் · 7:53
சித்தப்பா, எண்ட்னா முடிவுன்னுதானே படிச்சோம். கயித்துக்கு "டூ எண்ட்ஸ்"ங்காவளே, அது எப்படி?

சித்தப்பா · 7:58
அங்கதான் எல்லாத் தப்பும் முளைக்கு. கயித்துக்கு ரெண்டு முடிவு இருக்குமா? ரெண்டு முனை இருக்கும். நீ பிடிச்சிருக்க முனையும் எண்ட்தான், மாட்டு கழுத்துல கெடக்க முனையும் எண்ட்தான். நம்மகிட்ட இதுக்கு அச்சா ஒரு சொல் இருக்கு: கோடி. தெருக்கோடி, கோடியக்கரை, தனுஷ்கோடி. தனுஷ்னா வில்லு, தனுஷ்கோடி வில்லோட முனை. எண்ட்னு பாத்தா, முதல்ல "கோடியா"ன்னு கேளு. பொருந்தலன்னா "முடிவா"ன்னு கேளு.

சித்தப்பா · 7:59
இதே வாட்ஸ்அப்ல "எண்ட் டு எண்ட்"னு ஒண்ணு காட்டும் பாரு. அனுப்புத போன் ஒரு முனை, வாங்குத போன் மறுமுனை. பூட்டுததும் தொறக்கதும் அந்த ரெண்டு முனையில மட்டும். நடுவுல இருக்க சர்வரால படிக்க முடியாது. முனைக்கு முனை பூட்டு. "முடிவிலிருந்து முடிவு வரை"ன்னு எழுதினா யாருக்கு விளங்கும்?

மதினி · 8:03
மறுபக்கமும் இருக்கு சின்ன மாமா. நம்ம "முடிவு" எல்லாத்துக்கும் எண்ட் போட முடியாது. "பொண்ணு வீட்டுல என்ன முடிவு சொன்னாவ?" அது டிசிஷன். "பரீட்சை முடிவு வந்தாச்சா?" அது ரிசல்ட். ஆனா "பரீட்சை முடிவுல பேப்பர வாங்கினாவ"ன்னா மட்டும் எண்ட்.

தம்பி · 8:05
வினையா வந்தா? எண்ட் இன், எண்ட் வித், எண்ட் அப் மூணும் குழப்புது

மதினி · 8:11
கடைசியா எது நடந்துச்சோ அதுக்கு "வித்": கூட்டம் தேசிய கீதத்தோட முடிஞ்சுது, "எண்டட் வித்". எதுல போய் முடிஞ்சுதோ அதுக்கு "இன்": பேச்சு சண்டையில முடிஞ்சுது, "எண்டட் இன் எ ஃபைட்". ஒரு சொல்லோட கடைசி எழுத்தைச் சொல்லவும் "இன்"தான்: "சிட்டி எண்ட்ஸ் இன் ஒய்."

"எண்ட் அப்"னா நினைக்காத இடத்துல போய் நிக்கது. நம்ம ஜங்ஷன்ல கன்னியாகுமரி வண்டின்னு நினைச்சு திருச்செந்தூர் வண்டில ஏறிட்டா, "யு வில் எண்ட் அப் இன் திருச்செந்தூர்." பின்னால வினை வந்தா "-இங்" சேரணும். "எண்டட் அப் பேயிங் டபுள்" சரி, "எண்டட் அப் டு பே" தப்பு.

மதினி · 8:12
வீட்டுப்பாடத்த முடிச்சேங்கதுக்கு "ஐ எண்டட் மை ஹோம்வொர்க்" வராது, அங்க "ஃபினிஷ்ட்". வேலை முழுசானா ஃபினிஷ், ஓடிக்கிட்டிருக்கத நிப்பாட்டினா எண்ட். போன் பேச்ச நிப்பாட்டுதது "எண்ட் தி கால்".

சித்தப்பா · 8:16
"ஆன் எண்ட்"ட விட்டுராத தாயி. முடிவுக்கு நேர் எதிரா நிக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி பெருக்கெடுத்துச்சே, அந்த மழைய "இட் ரெயிண்ட் ஃபார் டூ டேஸ் ஆன் எண்ட்"னு சொல்லலாம். ரெண்டு நாள் விடாமப் பெஞ்சுதுன்னு பொருள். "ரெண்டு நாள்ல முடிஞ்சுது"ன்னு எடுத்தா அர்த்தமே தலைகீழ். ஆபீஸ் கடுதாசில வர "டு திஸ் எண்ட்"டும் அப்படித்தான், "இந்த நோக்கத்துக்காக"ன்னு படிக்கணும்.

தம்பி · 8:20
இப்ப பாருங்க: "வி வில் கிளீன் தி டேங்க் அட் தி எண்ட் ஆஃப் தி மந்த். பிளீஸ் பே யுவர் டியூஸ் பை தென்."

மதினி · 8:21
"பை தென்" நல்லா அமைஞ்சிருக்கு. ஆனா "மாசக் கடைசி"ய ஒவ்வொருத்தர் ஒவ்வொரு நாளா எடுப்பாவ. கழுவுத தேதிய எண்ணுல போட்டுரு.

தம்பி · 8:23
28-ம் தேதின்னு சங்கத்துல சொன்னாவ. போட்டுருதேன் மதினி