அடம்பங்கொடியை வழிக்கலாமா?

(குடும்பக் குழு, பங்குனி மாத ஞாயிறு, குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை)

தம்பி, காலை 7.40
வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்மேடு முழுவதும் இன்று ஊதாவாகக் கிடக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். ஆனால் சித்திரையில் நீங்கள் எல்லோரும் வரும்போது வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதால், நாளை ஜேசிபியை வரச்சொல்லி இந்தக் கொடியை வழித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நான், 7.52
இது என்ன பூ? குளக்கரையில் வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவைப் போலவே இருக்கிறதே.

பெரியப்பா, 8.05
இரண்டும் ஒரே இனம்தான் அம்மா, ஆனால் இது அடம்பு. இலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், நுனி பிளந்து மானின் குளம்படி பதிந்ததுபோல் தெரியும். சங்கப் பாடலிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். காலையில் விரியும் பூ வெயில் ஏறினால் சுருங்கிவிடும். தம்பி, ஜேசிபியை அழைப்பதற்கு முன் ஒரு கொடியைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

தம்பி, 8.21
இழுத்தேன் பெரியப்பா. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கிறது. ஒரு முழம் பெயர்ப்பதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஆனாலும் பாம்பு ஒளியும் என்று பக்கத்து வீட்டில் பயப்படுகிறார்கள்.

அத்தை, 8.30
மக்களே, என் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதற்காக இதே மேட்டைச் சுத்தமாக வழித்தார்கள். அடுத்த ஆடிக் காற்றில் மணல் பறந்து அடுக்களை வரைக்கும் வந்து, சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் பல்லில் நறநறவென்று கடிபட்டது. கொடி மறுபடி படர்ந்து மணல் அடங்குவதற்கு எத்தனையோ மழை வேண்டியிருந்தது. பாம்புக்குப் பயந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு நடக்கட்டும்.

நான், 8.41
அது இருக்கட்டும், சித்திரை வசந்த காலம்தானே, அப்போது வந்தால் எல்லாக் காட்டுப் பூக்களையும் பார்க்க முடியுமா, பெரியப்பா?

பெரியப்பா, 8.58
எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பனி உருகிப் பூக்கும் வசந்தம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு; நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழையும் கிடைப்பதால், தரையோடு வளரும் சிறுசெடிகள் அந்த ஈரத்தை நம்பித்தான் பூக்கின்றன. வயல் வரப்புத் தும்பையைப் பார்க்க நீ தையிலேயே வந்திருக்க வேண்டும். சித்திரையில் சரக்கொன்றை இருக்கும், பூவரசும் இருக்கும். காலையில் மஞ்சளாக விரிந்த பூவரசம்பூ வாடும்போது சிவந்துபோவதை உன் பிள்ளைகளுக்குக் காட்டு. கடலோரத்தில் இராவணன் மீசை என்ற புல்லின் முள்பந்துகள் காற்றில் உருண்டோடுவதைப் பிடிக்க ஓடினால் குத்தும் என்றும் சொல்லிவை.

தம்பி, 9.10
சரி, ஜேசிபி வேண்டாம். வண்டிகளைத் தென்னந்தோப்பில் நிறுத்திக்கொள்ளலாம். கடலுக்குப் போக ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு மட்டும் கொடியை ஒதுக்கிவிடுகிறேன்.

அத்தை, 9.14
சித்திரை முதல் நாள் விடியலில் கனி காண்பதற்கு வேண்டிய கொன்றையைத் தோவாளைப் பூச்சந்தையில் காசு கொடுத்து வாங்கிவிடாதே. குளத்தங்கரை மரம் மொட்டு விட்டிருக்கிறதா என்று மட்டும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல், மக்களே.