கிளவுட் கணக்கில் களவு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க அனுபவங்கள்

கல்லடி_கணினிக்காரன்:
சின்ன விடுதிகளுக்கும் கடைகளுக்கும் கணினி வேலை செய்து கொடுக்கிறேன். கிளவுட் கணக்கில் (மின்னஞ்சல், தரவு எல்லாம் இணையத்தில் வைக்கும் கணக்கு) களவு போனது, போகப் பார்த்தது, ஏஐ பிடித்தது, பிடிக்காமல் விட்டது, எதுவானாலும் எழுதுங்கள். கடைப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். நானே தொடங்குகிறேன்.

பாசிக்குடாவில் ஒரு விடுதி. புக்கிங் எல்லாம் ஒரே மைக்ரோசொப்ட் மின்னஞ்சலில். பகலில் முதலாளி பார்ப்பார். இரவில் சூரிச்சில் இருக்கும் மகள் அதே பாஸ்வேர்டால் உள்ளே போய் விருந்தினருக்குப் பதில் போடுவார். ஒருவர் வழக்கமாக எங்கிருந்து, எப்படி லொகின் செய்கிறார் என்பதை மைக்ரோசொப்டின் ஏஐ படித்து வைக்கும். 14 நாள் அல்லது 10 லொகின், எது முந்துகிறதோ அதுவரை படிப்பு. பிறகு பத்து மணிக்கு மட்டக்களப்பு, பத்தரைக்கு சூரிச் என்றால் 'வழக்கத்துக்கு மாறான பயணம்' என்று எச்சரிக்கும். முதலாளிக்கு இது கோயில் மணி மாதிரிக் காதுக்குப் பழகிவிட்டது. "மகள்தானே" என்று அமத்தி விடுவார்.

ஒரு நாள் வந்தது மகள் இல்லை. வந்தவன் பாஸ்வேர்டை மாற்றவில்லை, ஒன்றையும் அழிக்கவுமில்லை. மின்னஞ்சலில் ஒரு விதி மட்டும் எழுதி வைத்தான்: கட்டணம், வங்கி பற்றிய மடல் எல்லாம் ஆர்எஸ்எஸ் (இணையச் செய்தி ஓடைகளுக்கான) ஃபோல்டருக்குப் போகவேண்டும். அந்த ஃபோல்டரை யார் திறக்கிறார்கள்? அப்புறம் விருந்தினருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று முதலாளியின் நடையிலேயே மடல். ஒரு ஜெர்மன் குடும்பம் முற்பணத்தை அங்கே போட்டுவிட்டது.

ஏஐயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அன்றைக்கும் கத்தித்தான் இருந்தது. இப்படி நடந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. அந்த விதியைத் தேடி அழிக்கவேண்டும், திறந்து கிடக்கும் லொகின் எல்லாவற்றையும் வெட்டவேண்டும். இப்போது மகளுக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேருக்கும் ஒதென்டிகேட்டர், பாஸ்வேர்டோடு போனிலும் உறுதி கேட்கும் செயலி.

கல்முனை_புடவைக்கடை:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் முதலாளி உம்றாவுக்குப் போயிருந்த நேரம் காசாளர் தம்பிக்கு வொட்ஸ்அப்பில் புது நம்பரிலிருந்து அவருடைய குரலில் வொய்ஸ். அவசரமாகக் காசு போடவேண்டுமாம். அது அவர் குரலேதான் என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான், இருமல் உட்பட. பெருநாள் விற்பனைக்கு அவர் பேஸ்புக் லைவில் பேசியது எவ்வளவு கிடக்கிறது, குரலை நகல் எடுக்க அது தாராளம். காசு தப்பியது கடைச் சட்டத்தால். பழைய நம்பருக்குத் திருப்பிக் கோல் எடுக்காமல் யாருக்கும் அனுப்பக்கூடாது. எடுத்தால், முதலாளி மக்காவில் நித்திரை!

2024இல் செய்தியில் வந்த அரூப் நிறுவனத்தின் ஹொங்கொங் விவகாரத்தில் வீடியோக் கூட்டமே போலி. போனது ஏறக்குறைய 25 மில்லியன் அமெரிக்க டொலர்.

ஒலுவில்_மாணவி:
எங்கள் பட்ச் பொடியன் ஒருவன் கடைசி வருட புரொஜெக்ட்டில் அமேசான் கிளவுட் சாவியை (கணக்குக்குள் போகும் இரகசியக் குறியீடு) புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதி, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டான். அங்கே சாவி தேடுவதற்கென்றே போட்கள் (தானியங்கி புரோகிராம்கள்) ஓடுகின்றன, சில நிமிடத்தில் தூக்கிவிடும். இரவோடிரவாக அவன் கணக்கில் கிரிப்டோ தோண்டும் மெசின்கள்.

கல்லடி_கணினிக்காரன்:
உடனே தெரியவில்லையா தங்கச்சி?

ஒலுவில்_மாணவி:
அதுதான் கதை அண்ணா. அவன் கொன்சோலை (கணக்கைக் கட்டுப்படுத்தும் பக்கம்) திறந்து பார்த்தான், ஒன்றுமே ஓடவில்லை. அவன் பார்த்தது மும்பை ரீஜியன், அதாவது அமேசான் மெசின்கள் இருக்கும் ஒரு பிராந்தியம். மெசின்கள் ஓடியது வேர்ஜினியாவிலும் சாவோ பாவுலோவிலும்! அந்தப் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு ரீஜியனைத்தான் காட்டும். கார்ட்டியூட்டி என்ற அமேசானின் கண்காணிப்பு இப்படித் தோண்டுவதைப் பிடிக்கும், ஆனால் அதையும் ரீஜியன் ரீஜியனாகப் போட்டு வைக்கவேண்டும். சாவி வெளியே கிடக்கிறது என்று அமேசான் மடலும் அனுப்பியிருந்தது, அவன் எட்டிப் பார்க்காத மின்னஞ்சலுக்கு. பில் வந்தது டொலரில். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு உம்மாவிடம் மூச்சுவிடவில்லை. நடந்ததை விளக்கி எழுதியபிறகு பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள்.

அம்பாறை_லிகிதர்:
எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் லங்கா அரச கிளவுடில் ரான்சம்வெயார் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) புகுந்ததை மறக்கமுடியாது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருள், அந்த இடைக்காலத்துக்கு பேக்கப் இல்லை. எந்த ஏஐயை வைத்து அதை மீட்பது? எங்கள் சங்கத்தின் கணக்குகளும் கிளவுடில்தான், பேக்கப்பை எங்கே வைக்கலாம்?

கல்லடி_கணினிக்காரன்:
அதே கணக்கில் மட்டும் வேண்டாம் அக்கா. 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற கம்பனியின் அமேசான் கணக்குக்குள் புகுந்தவன், தரவோடு பேக்கப்பையும் சேர்த்து அழித்தான். கம்பனியையே மூடவேண்டி வந்தது. வேறு பாஸ்வேர்ட், வேறு கணக்கு, கூடவே கழற்றி வைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துப் பாருங்கள். ஏதும் நடந்துவிட்டால் இலங்கை செர்ட்டுக்கு (கணினி அவசர உதவி அமைப்பு) 101இல் கோல் எடுங்கள்.