கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை ஜல்லி: எந்த சைஸ், எத்தனை யூனிட்?

காட்பாடிவாசி:
காட்பாடி பக்கம் வீடு. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 30 அடி நீளம், 10 அடி அகலம். செம்மண் தரை, ரெண்டு நாள் மழை பெய்தால் சேறு. சிமென்ட் தளம் வேண்டாம், வெயிலில் கொதிக்கும், மழைத்தண்ணி முழுக்கத் தெருவுக்குப் போய்விடும். ஒரு கார், ரெண்டு பைக். கோடையில் தண்ணி லாரியும் உள்ளே வரும். கிராவலா, கூழாங்கல்லா, ஜல்லியா? எவ்வளவு வாங்கணும்?

ஒன்றரைஜல்லி:
சார், முதலில் ஒன்று. நம்ம பக்கம் லாரிக்காரரிடம் "கிராவல்" என்றால் செம்மண் கிராவலைத்தான் கொண்டுவந்து கொட்டுவார். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது! சைஸைச் சொல்லிக் கேளுங்கள்: ஒன்றரை ஜல்லி 40 எம்எம், முக்கால் 20, அரை 12, சிப்ஸ் 6.

கூழாங்கல் வேண்டவே வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, கார் திரும்புகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் மண் தெரியும். உடைத்த கருங்கல் ஜல்லிக்கு முனை இருப்பதால் கவ்விக்கொண்டு நிற்கும்.

லாரி வருமென்றால் 8 அங்குலம் தோண்டுங்கள். அதில் 6 அங்குலம் அடித்தளம், ஒன்றரை ஜல்லி. 300 சதுர அடிக்கு இறுகிய பிறகு 150 கன அடி வேண்டும், அதற்குக் கொட்டும்போது 2 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). 3 அங்குலமாக இரண்டு தடவை பரப்பி, ஒவ்வொரு தடவையும் ரோலர் ஓட்டி, கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது விழும் தூள்) தூவி, தண்ணி விட்டுத் துடைப்பத்தால் சந்துக்குள் தள்ளணும். டஸ்ட் அரை யூனிட் ஆகும். கழுவிய எம்சாண்ட் இதற்கு ஆகாது, அதில் பிடிமானம் தரும் மாவு போயிருக்கும்.

மேலே 12 எம்எம், 2 அங்குலம், அரை யூனிட். அதற்கு மேல் கனம் ஏற்றினால் பைக் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் ஆடும். மேலே போடும் ஜல்லி மட்டும் டஸ்ட் இல்லாமல் சலித்ததாக இருக்கணும்.

காட்பாடிவாசி:
நன்றி அண்ணா. மேலே முக்கால் ஜல்லி போட்டால் பார்க்க எடுப்பாக இருக்குமே? புல் முளைக்காமல் இருக்க அடியில் பாலிதீன் ஷீட் விரிக்கலாமா?

லெவல்டியூப்:
ஷீட் வேண்டாம் தம்பி. தண்ணி இறங்காமல் அதன் மேலேயே தேங்கும், ஜல்லியும் வழுக்கி நகரும். நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை), தோண்டிய மண்ணுக்கும் ஒன்றரை ஜல்லிக்கும் நடுவில் விரியுங்கள். அடிமண் ஈரமாகிக் குழையும்போது ஜல்லி உள்ளே இறங்காமல் தாங்கும், அதன் முக்கிய வேலையே அதுதான். புல்லை நம்பி வாங்காதீர்கள், கோரை துணியையும் குத்திக்கொண்டு வரும். தோண்டும்போதே கிழங்கோடு எடுத்துவிடணும்.

முக்கால் ஜல்லி காருக்குச் சரி. வெறுங்காலோடு கோலம் போடப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிப்ஸ் அதற்கு நேரெதிர்: டயர் பள்ளத்திலும் செருப்பிலும் ஒட்டி ஹால் வரைக்கும் வரும்.

பலரும் கோட்டை விடுவது ஓரத்தில்தான். 4 அங்குல சாலிட் பிளாக்கையோ, செங்குத்தாக நட்ட கடப்பா கல்லையோ கான்கிரீட்டில் பதித்து, ஜல்லிக்கு மேல் ஒரு அங்குலம் தெரிய விடுங்கள். இது இல்லையென்றால் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாக செடிப் பாத்திக்குப் போய்விடும்.

வாட்டம் (தண்ணி ஓடும் சரிவு) அடிக்குக் கால் அங்குலம், வீட்டுச் சுவரை விட்டு வெளிப்பக்கமாக. இதைத் தோண்டிய மண்ணிலேயே கொடுங்கள், மேல் ஜல்லியில் சரிக்கட்ட முடியாது. தாழ்ந்த மூலையில் தண்ணி வெளியேற ஒரு பைப் விடாவிட்டால் நீங்கள் தோண்டியது தொட்டிதான். மாடித் தண்ணிக் குழாயையும் ஜல்லி மேல் விழவிடாமல் மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள்.

ஸ்லைடிங் கேட் என்றால் தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கம் 3 அடி கான்கிரீட் போடுங்கள். ஒரு கல் மாட்டினாலும் கேட் நகராது. பைக் நிற்கும் இடத்தில் ஒரு கடப்பா பலகை பதித்தால் சைடு ஸ்டாண்டு இறங்காது.

பாலாற்றங்கரை:
லோடு வந்ததும் கொட்டச் சொல்லாதீர்கள். லாரித் தொட்டியின் உள்நீளம், அகலம், ஜல்லி நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட். 10க்கு 5 அடித் தொட்டியில் 4 அடி உயரம் நின்றால் 2 யூனிட். நடுவில் குவித்து ஓரத்தில் தாழ்ந்திருந்தால் சமப்படுத்திவிட்டு அளக்கணும். ஒரு கை ஜல்லியை அள்ளித் தேயுங்கள், உள்ளங்கை வெளுத்தால் சலிக்காதது. தட்டைத் தட்டையாக, சில்லு மாதிரி நிறைய இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள், கவ்வாது.

தண்ணி லாரி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. 12,000 லிட்டர் என்றால் தண்ணியே 12 டன், வண்டி எடை தனி. அதைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி 30 அடி ஹோஸ் போட்டு சம்ப்பில் விட்டால் அடித்தளம் 4 அங்குலம் போதும்: ஒன்றரை ஜல்லி 1.3 யூனிட், டஸ்ட் முப்பது முப்பத்தைந்து கன அடி, தோண்டுவது 6 அங்குலம். எதுவானாலும் அடித்தளம் முடிந்த கையோடு மேல் ஜல்லியைக் கொட்டாதீர்கள். ஒரு வாரம் அதன் மேலேயே காரை ஓட்டி, தடம் விழுந்த இடத்தில் ஜல்லியும் டஸ்டும் நிரப்பி இடித்துவிட்டு அப்புறம் பரப்புங்கள்.