ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை மாற்றிய பிறகும் சி0051 திரும்ப வருகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் வண்டியில் ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு சில நாட்கள் எரிகிறது, சில நாட்கள் எரிவதில்லை. ஸ்கேனரில் பார்த்தால் ஸ்டீயரிங் நிலைச் சென்சாரின் சர்க்யூட்டைக் குறிக்கும் சி0051 பதிவாகியிருக்கிறது. சில வேளைகளில் அந்தச் சென்சாருடன் தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யு0126 என்ற குறியீடும் கூடவே வருகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 12.4 வோல்ட் காட்டியதால், சென்சார்தான் போய்விட்டது என்று முடிவு செய்து புதியதை மாட்டி, சக்கரங்களை நேராக வைத்துக் காலிப்ரேஷனும் செய்தேன். இரண்டு நாட்கள் தொந்தரவு இல்லை. மூன்றாம் நாள் அதே விளக்கு. வண்டியை நானும் என் தம்பியும் மாறி மாறி ஓட்டுகிறோம், அவன் எடுத்துச் செல்லும் நாட்களில்தான் இது அதிகமாக வருகிறது. புதிய சென்சாரும் பழுதாக இருக்குமா?

மறுமொழி 1

இரண்டு சென்சார்களும் ஒரே மாதிரி பழுதாகியிருக்கும் என்று எண்ணுவதைவிட, இரண்டுக்கும் பொதுவாக இருந்த வயரிங்கைச் சந்தேகிப்பதே முறை. சென்சார் தவறான கோணத்தைச் சொல்வது ஒன்று, பேசாமலே போய்விடுவது மற்றொன்று. யு0126 வருகிறது என்றால் உங்கள் சென்சார் இடையிடையே பேச்சை நிறுத்திவிடுகிறது. அதற்குக் காலிப்ரேஷன் மருந்தாகாது.

முதலில் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக இருக்கும்போது 0 பாகைக்கு மிக அருகிலும், ஒன்றரைச் சுற்றுத் திருப்பினால் 540 பாகைக்கு அருகிலும் வர வேண்டும். எண் சீராக ஏறி இறங்கினால் சென்சாரின் உள்ளமைப்பு சரி. நடுவில் உறைந்து நின்றாலோ காணாமல் போனாலோ, அந்த நொடியில் உங்கள் கை எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி 2

12.4 வோல்ட் என்ற அளவுதான் உங்களைத் திசைதிருப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். மல்டிமீட்டர் சர்க்யூட்டிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஆகவே வயருக்குள் பத்து இழைகள் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்டேஜையும் காட்டிவிடும். கனெக்டரைக் கழற்றிய நிலையில், சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 5 வாட் டெஸ்ட் லேம்ப் ஒன்றை இணைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரியாமல் மங்கினால் பழுது அந்த இரண்டு வயர்களில் ஒன்றில் இருக்கிறது. (வண்டியின் கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் கேன் லைன்களிலும் ஏர்பேக் வயர்களிலும் டெஸ்ட் லேம்பை ஒருபோதும் வைக்காதீர்கள்.) பிறகு கனெக்டரை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, அதன் பின்புறத்திலிருந்து எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளவெடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

அதுவும் சரியாக இருந்தால் கேன் லைன்களுக்குச் செல்லலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சென்சார் கனெக்டரிலேயே இரண்டு லைன்களுக்கும் இடையே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வரும், ஏனெனில் இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஸ்கேனரை மாட்டும் சாக்கெட்டில் மட்டும் அளந்து திருப்தி அடைய வேண்டாம். சென்சாருக்குப் பிரியும் கிளை அறுந்திருந்தாலும் அங்கே 60 ஓம் காட்டக்கூடும்.

இன்னொன்று. உங்கள் தம்பி வண்டியில் ஏறியதும் ஸ்டீயரிங்கின் உயரத்தை மாற்றுகிறாரா? எனக்கு அந்த வரிதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமாகத் தெரிகிறது.

மறுமொழி 3

மேலே உள்ளவற்றை வழிமொழிகிறேன். ஸ்டீயரிங் வீலைக் கழற்ற நேர்ந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே ஏர்பேக்கைத் தொடுங்கள். சுழலும் ஸ்டீயரிங் வீலுக்கு மின் இணைப்பைத் தரும் சுருள் நாடாவான க்ளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் பூட்டி வைக்காமல் மாட்டினால், முழுதாகத் திருப்பும்போது அதன் நாடா அறுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி உயரமானவன், ஏறியதும் ஸ்டீயரிங்கை மேலே தூக்கி வைத்துக்கொள்வான்; அதை நான் ஒரு தகவலாகவே நினைக்கவில்லை. ஸ்டீயரிங் தாழ்வாக இருந்தபோது எர்த் பின்னில் 0.03 வோல்ட்தான் இருந்தது. மீட்டரை எடுக்காமலே ஸ்டீயரிங் தண்டை மேலே உயர்த்தியதும் அது 2 வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது, அதே நொடியில் லைவ் டேட்டாவில் கோணமும் மறைந்தது. கீழ் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உயரம் மாற்றும் நெம்புகோலின் பட்டைக்கு அருகே வயர் கட்டு இறுக்கமாக வளைந்து கிடந்தது. கறுப்பு வயரின் உறை வெளியே முழுசாகத்தான் தெரிந்தது, ஆனால் இரு விரல்களால் பிடித்து இழுத்தபோது அந்த இடம் மட்டும் ரப்பர்போல நீண்டது. உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறி, இரண்டு இழைகளே மீதி இருந்தன.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புதிய துண்டைச் சேர்த்து, சாலிடர் வைத்து, உறையிட்டு, கட்டுக்குச் சற்றுத் தளர்வும் கொடுத்திருக்கிறேன். இப்போது ஸ்டீயரிங் தண்டை எந்த உயரத்தில் வைத்தாலும் 0.02 வோல்ட்தான் காட்டுகிறது. பத்து நாட்களாகத் தம்பிதான் ஓட்டுகிறான், விளக்கு எரியவில்லை.