புதுப்பிப்பு: எடைப்பாலத்தில் படபடப்பு, நாலு மாதம் கழித்து

போன பதிவை மறந்தவர்களுக்கு: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைக் கிராணி நான், லாரிகளை எடைப்பாலத்தில் நிறுத்தி எடை குறிக்கும் குமாஸ்தா. குலை லாரிகள் வரிசைகட்டி நிற்க, நெஞ்சு அடைத்து, சாகப்போகிறேன் என்று கழிவறைக்குள் ஓடியதை எழுதியிருந்தேன்.

இசிஜியில் கோளாறு இல்லை. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்த்த அரசு கிளினிக்கில் பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீரென்று பீதி தாக்கும் நோய் என்றார்கள். அதற்குச் செர்ட்ரலின் மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் குமட்டல்தான் மிச்சம். நாலு வாரம் கழித்துத்தான் பலன் தெரிந்தது.

அதைவிட உதவியது ஆலோசகர் சொன்னது: "ஓடாதீங்க." படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பழகிக்கொள்ளும். வீட்டில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடி, வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைத்து, அது ஆபத்தில்லை என்று பழகும் பயிற்சியும் உண்டு. (அம்மா பயந்துபோய் முனீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்.)

போன வெள்ளிக்கிழமை பதினேழு லாரி. படபடப்பு வந்தது. நாற்காலியை விட்டு எழாமல், மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி சீட்டு எழுதினேன். இரண்டு சீட்டில் எடை தப்பு, திருத்திக் கொடுத்தேன்.

போன பதிவில் கோப்பியை விடச் சொன்ன அக்காவுக்கு: நாலு குவளை ஒன்றாகியிருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.