இழுக்காமலே ரிஃப்ரெஷ்: வட்டம் சுற்றுது, டேட்டா வரலை (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

லாகின் முடிந்து திரும்பியதும் லிஸ்ட் தானாகப் புதுசாக வேண்டும். விரலால் இழுத்தால் வருகிற அதே வட்டமும் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டில், இழுத்தால் வட்டம் காட்டிப் புதுப்பிக்க உதவும் ஸ்வைப்-ரிஃப்ரெஷ்-லேஅவுட் வைத்திருந்தேன். அதன் செட்-ரிஃப்ரெஷிங் மெத்தடுக்கு ட்ரூ கொடுத்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. லிஸ்டில் ஒரு வரிகூட மாறவில்லை. சர்வர்மேல் சந்தேகப்பட்டு அரை நாள் அதன் லாகை (பதிவேட்டை) துழாவினேன். அங்கே கோரிக்கையே வந்து சேரவில்லை.

செட்-ரிஃப்ரெஷிங் வட்டத்தைக் காட்டும், மறைக்கும், அவ்வளவுதான். டேட்டாவைக் கேட்கும் கோடு இருந்த ஆன்-ரிஃப்ரெஷ் லிசனர் விரல் இழுப்புக்குத்தான் ஓடும். டேட்டா எடுப்பதைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, லிசனரும் நானும் அதையே கூப்பிடும்படி மாற்றினேன். பிறகு நெட் இல்லாத நேரத்தில் வட்டம் நிற்கவில்லை. பிழை வருகிற பாதையிலும் செட்-ரிஃப்ரெஷிங்குக்கு ஃபால்ஸ் கொடுக்க வேண்டும். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

---

ஐஓஎஸ்ஸில் எனக்கும் இதே கதைதான். வட்டத்தைக் காட்டும் பிகின்-ரிஃப்ரெஷிங்கைக் கூப்பிட்டால், இழுக்கும்போது வருகிற வேல்யூ-சேஞ்ச்டு நிகழ்வு கிளம்பாது. சென்ட்-ஆக்‌ஷன்ஸ் மூலம் நாமே கிளப்பலாம்; ஆனால் நீங்கள் செய்த மாதிரி ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடுவதுதான் படிக்கிறவருக்குப் புரியும் என்பது என் எண்ணம்.

என்னை அதிகம் படுத்தியது வேறு. டேட்டா வந்தது, வட்டம்தான் கண்ணில் படவில்லை. லிஸ்ட் தானாகக் கீழே இறங்காததால் அது மேலே மறைந்தே கிடந்தது. லிஸ்டின் உருள் நிலையைச் சொல்லும் கன்டென்ட்-ஆஃப்செட்டின் ஒய் மதிப்பில் ரிஃப்ரெஷ் கன்ட்ரோலின் உயரத்தைக் கழித்து வைத்த பிறகே தெரிந்தது. முடிந்ததும் வட்டத்தை நிறுத்த எண்ட்-ரிஃப்ரெஷிங்.

---

ஃப்ளட்டருக்கு (ஒரே கோடில் இரண்டு தளத்துக்கும் ஆப் எழுத உதவுவது) வருகிறவர்கள் கவனிக்கவும், இங்கே நேர்மாறு. ரிஃப்ரெஷ்-இண்டிகேட்டருக்கு ஒரு குளோபல்-கீ (வெளியிலிருந்து அதை அணுகும் சாவி) கொடுத்து, அதன் கரண்ட்-ஸ்டேட்டில் ஷோ கூப்பிட்டால் வட்டமும் வரும், ஆன்-ரிஃப்ரெஷும் ஓடும். ஆண்ட்ராய்டுப் பழக்கத்தில் நான் ஷோவுக்குப் பக்கத்திலேயே லோட் ஃபங்ஷனையும் கூப்பிட்டேன். ஒவ்வொரு பதிவும் லிஸ்டில் இரண்டு முறை வந்து நின்றது. அந்தக் கூடுதல் அழைப்பை நீக்கியதும் சரியானது.

திரை திறந்தவுடனே ஓட வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஓடும் இனிட்-ஸ்டேட்டில் ஷோவை நேராகக் கூப்பிட வேண்டாம். விட்ஜெட் இன்னும் உருவாகியிருக்காது, கரண்ட்-ஸ்டேட் காலியாகத்தான் (null) இருக்கும். முதல் ஃப்ரேம் வரைந்த பிறகு ஓடும் ஆட்-போஸ்ட்-ஃப்ரேம்-கால்பேக்கினுள் வையுங்கள்.

---

முதல் பதிவு போட்டவன்தான். இரண்டு முறை வந்தது என்று படித்ததும் என் ஆப்பையும் திறந்து பார்த்தேன். பயனர் இழுத்த ரிஃப்ரெஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாகின் முடிந்து தானாகவும் ஓடினால் எனக்கும் இரண்டு கோரிக்கை போகிறது. லோட் ஃபங்ஷனின் தொடக்கத்தில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் திரும்பிவிடு என்று ஒரு சோதனை சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி.